கையெழுத்தோடு நின்றுவிடும் எழுத்தறிவு

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில், வாரத்தில் மூன்று மாலைகள் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தன்னார்வலர் என்பதால் இதற்குச் சம்பளம் கிடையாது. வருபவர்கள் பெரும்பாலும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள். இலைச்சாறு படிந்து கறுத்த விரல்களால் பென்சிலைப் பிடிப்பார்கள். ஐம்பதைக் கடந்த ஓர் அக்கா, தம் பெயரை முதன்முதலாக எழுதிய அன்று, இனி மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைக்கமாட்டேன் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில் அதே கையெழுத்தை, ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கடன் படிவத்தில், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே ஐந்து இடங்களில் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு நான் கற்றுத்தந்தது அவ்வளவுதான் என்று அன்று புரிந்தது.

சிறுகடன் ஏழைக் குடும்பத்தைத் தூக்கிவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதில் பாதி உண்மை இருக்கிறது. தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் குழுக்களும், 1992இல் நபார்டு வங்கி முன்னெடுத்த வங்கிக் கடன் இணைப்பும் பெண்களின் கையில் பணத்தைக் கொண்டுவந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிகோ உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வுகள், சிறுகடனால் மட்டும் குடும்ப வருமானம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்றே கண்டன. எங்கள் மலையைப் பார்த்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தேயிலைத் தொழிற்சாலை இலைக்கு மாதம் ஒருமுறை பணம் தருகிறது. தனியார் கடனுக்கோ வாரந்தோறும் தவணை கட்ட வேண்டும். இடைப்பட்ட மூன்று வாரத் தவணைகளுக்கு இன்னொருவரிடம் கைமாற்று வாங்குவதுதான் இங்கே பல வீடுகளில் வழக்கம். மகளிர் குழு தன் உறுப்பினர்களுக்கே தரும் உள்கடன் அப்படியல்ல. யாருக்கு எதற்காகப் பணம் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்களே கூடித் தீர்மானிக்கிறார்கள், வட்டியும் குழுவுக்கே திரும்பி வருகிறது. என் ஓட்டு எப்போதும் அதற்கே. அங்கேயும் கணக்கு நோட்டைப் படிக்கத் தெரிந்தவர் இரண்டு பேர்தான் என்றால், மற்றவர்கள் அவர்களை நம்பித் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே பாடத்தை மாற்றினேன். ஒருநாள் வீட்டிலிருந்து பன்னிரண்டு அவரை விதைகளைக் கொண்டுபோய்ப் பாயில் பரப்பி, ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய் என்றேன். பன்னிரண்டாயிரம் கடன், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, பன்னிரண்டு மாதம். மாதம் ஒரு விதையை எடுத்து அசலை அடைக்கிறோம். ஆறு மாதம் கழித்துப் பாயில் ஆறு விதைதான் கிடக்கிறது. ஆனால் எங்கள் ஊர் ஃபைனான்ஸ்காரர் அப்போதும் பன்னிரண்டுக்கான 240 ரூபாயையே வட்டியாக வாங்குகிறார். வருடத்திற்கு 2,880. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் 1,560தான். வித்தியாசம் 1,320 ரூபாய் என்று கரும்பலகையில் எழுதியதும், பின்வரிசையில் இருந்த ஒருவர், "அப்போ நாம திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டியிருக்கோமா?" என்று கேட்டார். அகரவரிசை முழுவதையும் நடத்தி முடித்த நாளில்கூட அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. சைக்கிள் ஏறியவர் சந்தைக்கும் போனார், தண்ணீருக்கும் போனார். படித்த எழுத்துக்கு அன்றாட வாழ்வில் ஒரு வேலை கிடைத்தது. எங்கள் செங்குத்தான ரோட்டில் சைக்கிள் உதவாது என்பது வேறு விஷயம். இங்கே அந்த வேலையைத் தரக்கூடியவை இலை எடைச் சீட்டும், வங்கிப் பாஸ்புக்கும், வாங்கிய கடனின் விவரம் எழுதித் தரும் கடன் அட்டையும்தான். சிறுகடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. நல்ல விதிதான். எழுத்தே தெரியாதவருக்கு எந்த மொழியில் அச்சிட்டுக் கொடுத்து என்ன பயன் என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை. அது எங்கள் வகுப்பில்தான் கிடைக்க வேண்டும்.

எழுத்தும் கணக்கும் வந்துவிட்டால் வறுமை ஓடிவிடும் என்று சொல்ல நான் தயாராக இல்லை. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது, நன்கு படித்த சிறு விவசாயிகளும் சேர்ந்துதான் கடனில் மூழ்கினார்கள். விலைக்கு வழிசெய்ய வேண்டியவர்கள் செய்தே ஆகவேண்டும்.

அந்த அக்கா போன வாரம் கடன் அட்டையோடு வகுப்புக்கு வந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர், "காப்பீடு" என்ற சொல்லில் நின்றார். தாம் கேட்காத காப்பீட்டுக்கு முதலிலேயே பணம் பிடித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் தவணை வாங்க வந்த தம்பியிடம் அதை விசாரித்திருக்கிறார். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாக அவர் நழுவியிருக்கிறார். இந்த வாரம் இன்னும் நான்கு பேர் தங்கள் அட்டைகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவரை விதை கூடுதலாக வேண்டும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.