பெரியம்மை எண்ணியது சரிதான்

முக்கூடல் பக்கம் என் பெரியம்மை பீடி சுற்றுகிறாள். முப்பது வருசப் பழக்கம். போன மாசம் கணக்குச் சீட்டை என்னிடம் நீட்டி, "ஏய்யா, அன்னைக்கு ஆயிரம் போட்டேன். எழுநூறுன்னு இருக்கு. கண்ணு மங்கிப்போச்சுல்லா, நாந்தான் தப்பா எண்ணிட்டேனோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் பீடிக்கடைக்குப் போனேன். கணக்குப் பார்க்கும் தம்பி பைத்தான் என்கிற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், வைத்திருக்கிறான். பெயர்கள் ஒரு லிஸ்ட், எண்ணிக்கை இன்னொரு லிஸ்ட். ஜிப் ஃபங்ஷன் முதலோடு முதல், இரண்டாவதோடு இரண்டாவது என்று ஜோடி சேர்க்கும். அன்று ஒருத்தி கடைக்கு வரவில்லை, அவள் கட்டம் காலி. ஸ்கிரிப்ட் காலிக் கட்டத்தைத் தாண்டிப் படித்ததால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துபோனது. அவளில் தொடங்கிக் கீழே உள்ள எல்லோருக்கும் அடுத்தவள் சுற்றிய பீடி. கடைசிப் பெயர் சீட்டிலேயே இல்லை. ஒரு எரர் வரவில்லை!

ஜிப் அப்படித்தான். சின்ன லிஸ்ட் முடிந்த இடத்தில் நின்றுவிடும், மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிடும். 2000-இல் பைத்தான் 2.0-வில் வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். 2021-இல் வந்த 3.10-இல்தான் ஜிப்போடு 'ஸ்ட்ரிக்ட்' (strict) என்ற விருப்பத் தேர்வு சேர்ந்தது. அதை ட்ரூ (True) என்று கொடுத்தால் லிஸ்டுகளின் நீளம் ஒத்துப்போகாதபோது 'வேல்யூ எரர்' என்ற பிழை வரும். கொடுக்க மறந்தால் பழைய கதை. பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்றுதான் அதை இயல்பாக வைக்கவில்லை. காரணம் புரிகிறது, மனசு ஒப்பவில்லை. பாதியில் நிறுத்த விரும்புகிறவன்தான் அதை எழுதிச் சொல்ல வேண்டும்.

நீளமான லிஸ்ட் முடியும்வரை ஓடும் 'ஜிப் லாங்கஸ்ட்' ஃபங்ஷனைப் போடலாமே என்பார்கள். அது குறைகிற இடத்தைக் கடைசியில் 'ஒன்றுமில்லை' என்கிற None வைத்து நிரப்பும். ஓட்டை நடுவில் அல்லவா விழுந்தது?

ஸ்ட்ரிக்ட் கூட நீளத்தை மட்டுமே பார்க்கும். ஒரு கட்டம் விடுபட்டு இன்னொன்று இரண்டு தடவை பதிவானால் நீளம் சரியாக இருக்கும், கூலி மாறிப்போகும். கூலிக் கணக்கில் வரிசையை நம்பவே கூடாது. ஒவ்வொருத்தியின் பாஸ் புத்தக எண்ணையும் சாவியாக வைத்து, எண்ணைக் கொடுத்தால் அவள் கணக்கைத் தரும் டிக்‌ஷனரியில் பொருத்தச் சொன்னேன். தம்பி அன்றைக்கே மாற்றிவிட்டான், நல்ல பையன்.

குறைந்தவர்களுக்குப் பாக்கி கொடுத்துவிட்டார்கள். தவறுதலாகக் கூடுதல் வாங்கியவர்களிடம் பிடித்தம் செய்யாதீர்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.