ஜன்னல் திறக்குமா என்று கேளுங்கள்

பட்ஜெட் ஓட்டல்கள் முன்னைவிட எவ்வளவோ தேவலை என்ற பேச்சு கொஞ்ச நாளாக எங்கே போனாலும் காதில் விழுகிறது. ஆயிரம் ஆயிரத்து இருநூறுக்குள் வெள்ளை பெட்ஷீட், பெரிய டிவி, வைஃபை, கீசர் எல்லாம் கிடைக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்கள். நான் மருந்துக் கம்பெனி ரெப். கம்பெனி தரும் படிக்குள் அடங்குகிற ரூம்களில்தான் ஊர் ஊராக ராத்தங்கல். வீடு வேலூரில், சிஎம்சி ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், தெருவில் பாதிக்குப் பாதி லாட்ஜ்கள். வெளியூரில் லாட்ஜில் படுப்பவனும் நானே, உள்ளூரில் லாட்ஜுக்கு வருகிறவர்களைத் தினம் பார்ப்பவனும் நானே என்பதால் இதில் எனக்குச் சொல்ல இருக்கிறது. மாறியிருப்பது உண்மைதான். ஆனால் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவருக்காக மாறியிருக்கிறது. நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மாதம் கிடக்கிறவருக்குச் சில விஷயங்களில் முன்பிருந்ததைவிட மோசமாகவே ஆகியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சாதாரண லாட்ஜ் ரூம் என்றால் பச்சை ஆயில் பெயிண்ட் சுவர், நார் மெத்தை, கறை தெரியாமலிருக்கப் பூப்போட்ட பெட்ஷீட், ஆடுகிற தாழ்ப்பாள், வராந்தா கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். காலையில் வெந்நீர் வேண்டுமென்றால் ரூம் பாய் பக்கெட்டில் கொண்டுவந்து வைப்பார், அதற்குத் தனிக் காசு. தலையணையைத் தூக்கி மூட்டைப்பூச்சி பார்த்துவிட்டுத்தான் பையையே கீழே வைப்போம். இப்போது அதே மாதிரி லாட்ஜ்களில்கூட வெள்ளை பெட்ஷீட் வந்துவிட்டது, வெள்ளையில் கறையை ஒளிக்க முடியாது, துவைத்தே ஆகவேண்டும், இந்த ஒன்றுக்காகவே 2013ல் தொடங்கிய ஓயோ ஓட்டல் கம்பெனிக்கும் அதைப் பார்த்து வந்த மற்றவர்களுக்கும் நன்றி சொல்லலாம். வாடகை போனிலேயே தெரிந்துவிடுகிறது, ஆளைப் பார்த்து விலை சொல்வது குறைந்திருக்கிறது. தனியாக வருகிற பெண்ணுக்கு ரூம் இல்லை என்று கையை விரிப்பதும் குறைந்திருப்பதாக எங்கள் கம்பெனியில் ஃபீல்டில் இருக்கும் பெண்கள் சொல்கிறார்கள். ஒழியவில்லை, குறைந்திருக்கிறது.

சரி, வேலூருக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர் யார்? கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் பார்க்க வருகிறவர்கள் உண்டு, 2007ல் ஸ்ரீபுரம் பொற்கோயில் திறந்த பிறகு அந்தக் கூட்டம் தனி, விஐடி பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் தனி. இவர்களெல்லாம் ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு. ஊரின் லாட்ஜ் தொழிலைத் தாங்குவது இவர்கள் இல்லை. 1900ல் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி டாக்டர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினாரே, அந்த சிஎம்சியை நம்பி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், திரிபுரா என்று நாள்கணக்கில் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் இறங்குகிற நோயாளிகளும் அவர்களோடு வருகிற அண்ணன் தம்பி, மனைவி, மாமியார்களும்தான். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருப்பதும், ரூம் பாய்கள் பெங்காலியும் இந்தியும் பேசப் பழகியிருப்பதும், மீன் குழம்புச் சாப்பாடு போடும் மெஸ்கள் முளைத்ததும், ரூமிலேயே சமைத்துக்கொள்ள ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைப்பதும் இவர்களால்தான். டாக்டரைப் பார்ப்பது, டெஸ்ட், ரிசல்ட், ஆபரேஷனுக்குத் தேதி, அப்புறம் திரும்பவும் டாக்டரிடம் காட்டுவது என்று நான்கு நாள் என்று நினைத்து வந்தவர்கள் நாற்பது நாள் இருப்பது இங்கே சாதாரணம்.

இவர்கள் கண்ணோடு இந்தப் புதுப்பித்த லாட்ஜ்களைப் பாருங்கள். பழைய கட்டடத்தை இடிக்காமல் முகப்பை மட்டும் ஏசிபி என்கிற அலுமினிய ஷீட்டும் கண்ணாடியும் வைத்து மூடிவிடுகிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால் பளபளவென்று நேற்றுக் கட்டியது போல இருக்கும், போட்டோவில் இன்னும் நன்றாக விழும். அந்த ஷீட்டுக்குப் பின்னால் பழைய மரச் சட்ட ஜன்னல்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஏசி போட்டாயிற்று, ஜன்னல் எதற்கு என்று ஓனர் கேட்பார். வேலூர் மே மாத வெயிலில் ஏசி வேண்டும்தான், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற ரூமில் பகலில் படுக்க முடியாது, அதை மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் போனால்? புகை வந்தால்? 2025 ஏப்ரல் 29ஆம் தேதி ராத்திரி கொல்கத்தாவில் புர்ரா பஜார் பக்கம் ஒரு பட்ஜெட் ஓட்டலில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் மூச்சுத் திணறித்தான் செத்தார்கள், ஜன்னல்கள் அடைக்கப்பட்டிருந்ததும் வெளியேற வழியில்லாமல் போனதும் செய்திகளில் வந்தது. எந்த ஊர் ஜனங்கள் நம் லாட்ஜ்களை நிரப்புகிறார்களோ அந்த ஊரில் நடந்தது அது. அதைப் படித்த வாரம் எங்கள் தெருவில் நடந்துபோனபோது ஒவ்வொரு முகப்பாக அண்ணாந்து பார்த்தேன், மூன்றாவது நான்காவது மாடியிலிருந்து எட்டிப் பார்க்க ஒரு சந்துகூட இல்லாத கட்டடங்கள், ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு, அந்தப் படிக்கட்டுக்கு அடியிலேயே கரண்ட் மீட்டர்கள், மீட்டருக்குப் பக்கத்தில் துவைக்கப் போட்ட பெட்ஷீட் மூட்டை. அந்த மாடிகளில் படுத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்கவே ஆள் துணை வேண்டியவர்கள். அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தீ என்றைக்கோ ஒருநாள் வருவது என்று யாராவது சொல்லக்கூடும். ஓதம் தினமும் இருக்கிறது. அடைத்த ரூம், பாத்ரூமுக்கு வெளிக்காற்று கிடையாது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாது, சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படரும், அதை மறைக்க மேலே வால்பேப்பர் ஒட்டுகிறார்கள். ஆரோக்கியமான மனிதனுக்கு இது வெறும் நாற்றம். ஆனால் சிஎம்சியில் 1986லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது, கீமோதெரபி எடுப்பவர்கள் ஏராளம், கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். இவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும். வார்டிலிருந்து அனுப்பினாலும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பல வாரம் இருக்கச் சொல்வார்கள், அப்படி இருக்கப்போவது இந்த லாட்ஜ் ரூம்களில்தான். அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போய் இப்படிப்பட்டவர்களின் உயிரையே எடுத்துவிடக்கூடியவை. பூஞ்சைத் தொற்றுக்கான ஊசி மருந்து என்ன விலை என்று என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். அதில் ஒரு நாள் செலவை வைத்து ஒரு ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்து எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிடலாம். கழற்றிக் கழுவாத ஏசி ஃபில்டர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே விடுகிறேன்.

பாத்ரூம். டைல்ஸ் மாற்றிவிட்டார்கள், வழவழவென்று கண்ணாடி மாதிரி, தண்ணீர் பட்டால் கால் நிற்காது. வாசலில் ஒரு படி ஏறி இறங்கவேண்டும், இருட்டில் அது தெரியாது. கதவு இரண்டடி அகலம், வீல் சேர் உள்ளே போகாது. கம்மோடுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழ ஒரு ஸ்டீல் கைப்பிடி மாட்டச் சில நூறு ரூபாய் ஆகும், மாட்டியிருக்கிற ரூமை எங்கள் தெருவில் நான் பார்த்தது மிகக் குறைவு. டிவியை 32 இன்ச்சிலிருந்து 43க்கு மாற்றியிருக்கிறார்கள், கைப்பிடி இல்லை. இடுப்பு எலும்பு ஆபரேஷனாகி வந்த அம்மாவை மகன் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைப்பதை நான் பார்த்திருக்கிறேன், அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதையும் பார்த்தேன். தரம் என்று எதைச் சொல்கிறோம் என்று அன்றிலிருந்து எனக்கு ஆத்திரம் வருகிறது.

நேரக் கணக்கு இன்னொன்று. முன்பு பெரும்பாலான லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு, எப்போது சாவி வாங்கினாயோ மறுநாள் அதே நேரம் வரை உன் ரூம். இப்போது ரூம் புக் பண்ணுகிற மொபைல் ஆப்பில் சேர்ந்த லாட்ஜ்கள் பன்னிரண்டு மணிக்கு உள்ளே, பதினோரு மணிக்கு வெளியே என்கின்றன. விடியற்காலையில் காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வருகிறவர் பன்னிரண்டு மணி வரை எங்கே உட்கார்வார்? டிஸ்சார்ஜ் எழுதி, பில் கட்டி, மருந்து வாங்கி வெளியே வர மத்தியானம் தாண்டிவிடும், ரயிலோ ராத்திரி. அந்த அரை நாளுக்கு முழு வாடகை. பெரிய நகரத்து ஓட்டல் கணக்கை ஆஸ்பத்திரி ஊரில் கொண்டுவந்து வைத்தது தரம் உயர்ந்ததில் சேராது. எங்கள் பக்கத்தில் புதுப்பித்த லாட்ஜ்களில் நான் கவனித்த வேறொன்று, முதலில் எடுத்துவிடுவது சமையல் வசதியைத்தான், சுவர் கரியாகிறதாம். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க முடியாத ரூமில் குடல் ஆபரேஷன் ஆனவரை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

ஓனர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்த புதிதில் நாள் வாடகை ஆயிரத்துக்குள் இருந்த ரூமுக்கு வரி இல்லை, 2022 ஜூலை 18லிருந்து 12 சதவீதம் போட்டார்கள், ஏழைகள் தங்குகிற ரூமுக்குப் போட்ட அந்த வரி எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. 2025 செப்டம்பர் 22லிருந்து 7500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, தங்குகிறவருக்கு நல்லது. ஆனால் பெயிண்ட், ஏசி, மெத்தை வாங்கும்போது ஓனர் கட்டிய வரியை முன்போலக் கழித்துக்கொள்ள முடியாது, அதனால் பதிவு எடுத்த லாட்ஜ்காரருக்குப் புதுப்பிக்கிற செலவு கூடுகிறது. அப்புறம் 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து விசா சுருங்கியதும் அங்கிருந்து வந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள், எங்கள் தெருவிலேயே பல லாட்ஜ்களில் மாடி மாடியாகக் காலி. அப்படிக் காலியானதும்தான் சிலர் விஐடி பெற்றோரையும் பொற்கோயில் கூட்டத்தையும் குறிவைத்து முகப்பை மாற்றினார்கள். அவர்களும் கடன் வாங்கித்தான் செய்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை, காசை எங்கே போட்டார்கள் என்பதில்தான் வருத்தம்.

இந்தக் காசு எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்வது தங்கியவர்கள் ஆப்பில் எழுதுகிற ரிவ்யூதான் என்று நினைக்கிறேன். ஆப்பில் நட்சத்திரம் போடுவது யார்? ஒரு ராத்திரி தங்கிய என்னை மாதிரி ஆட்கள். டிவி பெரிது, வைஃபை வேகம், ரிசப்ஷனில் சிரித்தார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். மேற்கு வங்கத்தில் மால்டா பக்கத்துக் கிராமத்திலிருந்து நிலத்தை அடகு வைத்து வந்து ஐம்பது நாள் தங்கியவர் எந்த ஆப்பிலும் எதுவும் எழுதுவதில்லை. அவர் ஆப்பில் ரூம் போடுவதும் இல்லை, காட்பாடியில் ஆட்டோக்காரர் எங்கே இறக்கினாரோ அங்கேதான் தங்குகிறார், அதில் ஆட்டோவுக்குக் கமிஷன் இருப்பது ஊரே அறிந்தது. சுற்றுலாத் துறையின் நட்சத்திரத் தரவரிசையோ விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்வது, காந்தி ரோட்டு லாட்ஜ் எதற்கு அதைத் தேடிப் போகப்போகிறது? ஆக, அதிக நாள் தங்கி அதிகக் காசு கொடுப்பவரின் குறை ஓனர் காதுக்கு வருவதே இல்லை. மாநகராட்சியும் தீயணைப்புத் துறையும் ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற லாட்ஜ்களை மட்டுமாவது வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்து, இரண்டாவது வழி இருக்கிறதா, ஜன்னல் திறக்கிறதா, படிக்கட்டு காலியாக இருக்கிறதா என்று வாசலிலேயே வங்காளத்திலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டச் சொல்லவேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஆள் போய்ப் பார்த்தால் போதும்.

அதுவரை நம்மால் முடிந்தது இருக்கிறது. அடுத்தமுறை எந்த ஊரில் எந்த லாட்ஜில் தங்கினாலும் ரிவ்யூ எழுதும்போது டிவியை விட்டுவிட்டு இதை எழுதுங்கள்: ஜன்னல் திறந்ததா, பாத்ரூமில் பிடிக்க ஏதாவது இருந்ததா, லிஃப்ட் நின்றால் படி எப்படி, எத்தனை மணிக்குக் காலி செய்யச் சொன்னார்கள், சுவரில் ஓதம் இருந்ததா.

அப்புறம் ஒரு உதவி. அசாமிலிருந்து ஒரு குடும்பம் அடுத்த வாரம் வருகிறது, அப்பாவுக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன், குறைந்தது ஒன்றரை மாதம் இருக்கவேண்டும். தரைத்தளம், படி இல்லாத பாத்ரூம், திறக்கிற ஜன்னல், கஞ்சி வைக்க ஒரு ஸ்டவ், நாளுக்கு எண்ணூறுக்குள். சாயிநாதபுரம், தோட்டப்பாளையம் பக்கம் யாருக்காவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன்.