ஜானி கேஷின் கித்தாரில் செருகிய காகிதம்

அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பற்றிய பேச்சு வந்தாலே கதை ஒரே தடத்தில்தான் ஓடும். கறுப்புச் சட்டை, போதை மாத்திரை, சிறை, பின்னாள் மனைவி ஜூன் கார்ட்டர் வந்து மீட்டது, கடைசியில் 'ஹர்ட்' வீடியோ, கண்ணீர். அந்த மனிதர் கித்தாரில் என்னதான் வாசித்தார், அது ஏன் வேறு யார் வாசித்த மாதிரியும் இல்லை என்ற கேள்விக்கு மட்டும் யாரும் வருவதில்லை.

முதலில் சிறைக் கதையை முடித்துவிடுவோம். கேஷ் எந்தச் சிறையிலும் தண்டனைக் கைதியாக இருந்ததில்லை. 1965 மே மாதம் மிசிசிப்பியின் ஸ்டார்க்வில்லில் நள்ளிரவில் அடுத்தவர் வீட்டுப் பூவைப் பறித்ததற்காக ஓர் இரவு லாக்கப்பில் இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் எல் பாசோவில் கித்தார் பெட்டிக்குள் 688 டெக்செட்ரின் (ஊக்க மருந்து), 475 ஈக்வனில் (மன அமைதி மருந்து) மாத்திரைகளோடு பிடிபட்டார், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. இப்படிச் சில லாக்கப் இரவுகள், அவ்வளவுதான். 'ஃபோல்சம் பிரிசன் புளூஸ்' அனுபவத்திலிருந்து வந்த பாட்டும் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க்கில் அமெரிக்க விமானப்படைக்காக ரஷ்ய மோர்ஸ் சங்கேதங்களை ஒட்டுக்கேட்கும் வேலையில் இருந்தபோது கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையைப் பற்றிய ஒரு படத்தைப் பார்த்து எழுதியது. மெட்டும் வரிகளில் பெரும்பகுதியும் இசையமைப்பாளர் கார்டன் ஜென்கின்ஸ் 1953-ல் வெளியிட்ட பாட்டிலிருந்து எடுத்தவை. 1970-களில் ஜென்கின்ஸுக்குச் சுமார் 75,000 டாலர் கொடுத்துத்தான் வழக்கு தீர்ந்தது. ரசிகர்கள் இதை மென்று விழுங்குவார்கள். எடுத்தது எடுத்ததுதான்.

ஆனால் ஜென்கின்ஸின் பாட்டையும் கேஷின் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது ஆர்கெஸ்ட்ராவோடு மெல்ல நகர்கிற பாட்டு. இரண்டாவது ரயில் ஓடுகிற தாளம். வரிகள் கடன், அந்த ரயில் மட்டும் சொந்தம். என் பேச்சு அந்த ரயிலைப் பற்றித்தான்.

கேஷ் பிறந்தது 1932 பிப்ரவரி 26, ஆர்கன்சாவின் கிங்ஸ்லாந்தில். பெற்றோர் வைத்த பெயர் வெறும் ஜே.ஆர். வெறும் இனிஷியலை விமானப்படை ஏற்காததால் ஜான் ஆனார். மூன்று வயதில் குடும்பம் டைஸ் என்ற ஊருக்குப் போனது. பெருமந்தக் காலத்தில் அரசு ஏழை விவசாயிகளுக்கு 20 ஏக்கரும் வீடும் கொடுத்துக் குடியேற்றிய இடம். பருத்தி எடுப்பு, 1937 வெள்ளம், 1944-ல் மரமறுக்கும் ரம்பத்தில் சிக்கி அண்ணன் ஜாக் இறந்தது. இந்தக் கதைகள் எல்லாப் புத்தகத்திலும் உண்டு.

அதிகம் பேசப்படாத இடம் மெம்ஃபிஸில் இருந்த கார் பழுதுபார்க்கும் பட்டறை. 1954-ல் படையிலிருந்து திரும்பிய கேஷ் வீடு வீடாகப் போய் வீட்டுச் சாமான் விற்கிறார், சரியாக விற்கவும் வரவில்லை. மூத்த அண்ணன் ராய் வேலை பார்த்த பட்டறையில் மார்ஷல் கிராண்ட், லூதர் பெர்கின்ஸ் என்று இரண்டு மெக்கானிக்குகள். மூவரிடமும் இருந்தது சாதாரண கித்தார். மூன்று பேரும் ஒரே மாதிரி ஸ்ட்ரம் செய்தால் அது இசைக்குழு ஆகாது என்று தெரிந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கிராண்ட் நின்றபடி வாசிக்கிற ஆளுயர பேஸுக்கு (தாழ்ந்த ஸ்வரம் தரும் தந்திக் கருவி) மாறினார். எந்த ஸ்வரம் எங்கே என்று தெரியாததால் கழுத்தில் டேப் ஒட்டி எழுதி வைத்துக்கொண்டார். லூதர் ஃபெண்டர் எலக்ட்ரிக் கித்தாருக்குப் போனார். அந்தக் கருவியின் வால்யூம் கட்டுப்பாடு பழுதாகியிருந்தது, சத்தத்தை அடக்க அவர் உள்ளங்கையைத் தந்திகள் மேல் வைத்தார் என்பது கிராண்ட் தரப்புக் கதை. கை வைத்தது மட்டும் உறுதி. ஒவ்வொரு பதிவிலும் கேட்கிறது.

நான்காவதாக ஸ்டீல் கித்தார் வாசிக்கிற ஒருவரும் இருந்தார். யூனியன் அவென்யூ 706-ல் இருந்த சன் ஸ்டூடியோவுக்கு அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸிடம் வாசித்துக் காட்டப் போன நாளில் கை நடுங்கி அவர் விலகிவிட்டார். நல்லவேளை என்றுதான் சொல்வேன். அன்றைய கன்ட்ரி இசைக்கு இழையும் ஸ்டீல் கித்தாரும் ஃபிடிலும்தான் அடையாளம். அவை இருந்திருந்தால் கேஷ் இன்னொரு நல்ல பாடகராகத் தேறியிருப்பார், அவ்வளவே. (கன்ட்ரியை 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அது வானொலியும் இசைத்தட்டு நிறுவனங்களும் சேர்ந்து வளர்த்த வணிக வகை. கன்ட்ரி என்றே இருக்கட்டும்.)

அமெரிக்கர்கள் 'பூம்-சிக்கா-பூம்' என்று கூப்பிடுகிற அந்த ஓட்டத்தைப் பிரித்துப் பார்க்கலாம். கித்தார் கையில் இருப்பவர்கள் கூடவே வாசித்துப் பார்க்கலாம்.

ஈ கார்டை (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடி) பிடியுங்கள். முதல் அடியில் ஆறாவது தந்தியைத் திறந்தபடி தட்டுங்கள். அது 'பூம்'. இரண்டாவது அடியில் நடுத் தந்திகளைக் கீழும் மேலுமாகச் சட்டென உரசுங்கள். அது 'சிக்கா'. மூன்றாவது அடியில் ஐந்தாவது தந்தி, இரண்டாவது ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு), அதாவது பி ஸ்வரம். நான்காவதில் மறுபடி சிக்கா. நம் கணக்கில் ஸட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி. ஏ கார்டுக்கு ஐந்தாவது தந்தி திறந்தபடி, பிறகு நான்காவது தந்தியின் இரண்டாவது ஃப்ரெட். பி7-க்கு ஐந்தாவது தந்தி இரண்டாவது ஃப்ரெட், அடுத்து ஆறாவது தந்தி இரண்டாவது ஃப்ரெட். இந்த மூன்று கார்டும் கைக்கு வந்துவிட்டால் கேஷின் ஆரம்பகாலப் பாட்டுகளில் பெரும்பாலானவை வந்துவிடும்.

வாசித்தால் மட்டும் அந்தச் சத்தம் வராது. அதற்கு உள்ளங்கை வேண்டும். எலக்ட்ரிக் கித்தாரில் வலது கையின் அடிப்பக்கச் சதை, தந்திகள் பிரிட்ஜை (அவற்றைத் தாங்கும் கட்டை) விட்டுப் புறப்படும் இடத்திலேயே படிய வேண்டும். அரை அங்குலம் முன்னே நகர்ந்தால் ஸ்வரமே செத்து வெறும் 'தொக்' என்று கேட்கும். பின்னே போனால் மணி மாதிரி ஒலித்துக் கேஷின் குரலோடு சண்டைக்கு வரும். பழகுகிறவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். வேகம் கூடக் கூடக் கை தன்னையறியாமல் தூக்கும்.

அடுத்தது காகிதம். கேஷுக்கு அடியில் கம்பி கட்டிச் சரசரக்கும் ஸ்நேர் டிரம்மின் சத்தம் பிடிக்கும், ஆனால் அன்றைய கன்ட்ரி மேடையில் டிரம்முக்கு இடம் இல்லை. நாஷ்வில்லின் கிராண்ட் ஓலே ஓப்ரி வானொலி நிகழ்ச்சி அதில் ரொம்பவே கறார். அதனால் மடித்த காகிதத்தைத் தந்திகளுக்கு இடையே செருகி ஸ்ட்ரம் செய்தார். ஸ்வரம் மங்கி 'சர்க் சர்க்' என்ற உரசல் மேலே வந்தது, அதுவே டிரம். வீட்டில் செய்து பார்க்க ரூபாய் நோட்டு அளவு காகிதம் போதும். நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஒரு தந்திக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பாய் பின்னுவது போலக் கோக்க வேண்டும். இடம், ஃப்ரெட் பலகை முடிந்து துளை தொடங்கும் பகுதி. முதல் ஃப்ரெட்டுகளின் பக்கம் வைத்தால் கார்டு பிடிக்கிற விரலோடு சிக்கும். தடித்த அட்டை தந்தியை நெரித்துச் சுருதியைக் கெடுக்கும். டிஷ்யூ இரண்டு வரி பாடுவதற்குள் கிழியும்.

மிச்சம் இருப்பது ஃபிலிப்ஸின் வேலை. பாட்டு ஒரு டேப் இயந்திரத்தில் பதிவாகும்போதே இரண்டாவது இயந்திரத்துக்கும் போய் ஒரு நொடிப் பின்னத்தில் திரும்பி வரும். பதிக்கும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு அங்குலம், டேப்பின் ஓட்டம் நொடிக்கு 15 அங்குலம் என்று வைத்தால் தாமதம் சுமார் 130 மில்லிநொடி. இன்றைய மென்பொருளில் டிலேயை அந்த எண்ணில் வைத்து, ஒரே ஒருமுறை மட்டும் திரும்பி வரும்படி விடுங்கள். இரண்டு மூன்று முறை வந்தால் குகைக்குள் பாடுவது போல் ஆகிவிடும்.

இந்த நான்கும் கச்சிதமாகக் கூடிய பாட்டு 1956 ஏப்ரல் 2-ல் பதிவான 'ஐ வாக் த லைன்'. கேஷ் அதை மெதுவான காதல் பாட்டாகத்தான் எழுதியிருந்தார். ஃபிலிப்ஸ் வற்புறுத்தி வேகத்தைக் கூட்டினார். ஐந்து சரணங்கள், ஒவ்வொன்றும் சுருதி மாறும். கைப்பிடியில் சொன்னால் ஈ, ஏ, டி, திரும்பி ஏ, கடைசியில் ஈ. ஆனால் அந்தக் கடைசி ஈயில் குரல் முதல் சரணத்தைவிட ஒரு ஸ்தாயி கீழே இறங்கியிருக்கும். சரணத்துக்கு முன் வருகிற 'ம்ம்ம்' ஏதோ உணர்ச்சிப் பெருக்கு என்று எழுதுகிறார்கள். புதுச் சுருதியைப் பிடிப்பதற்காக முனகியது, கேஷே சொன்னதுதான். நம் மேடைப் பாடகர் தம்புராவோடு ஒருமுறை குரலைச் சேர்த்துப் பார்ப்பதில்லையா, அது போல.

இதையெல்லாம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம், கேஷ் வென்றது பெரும்பாலும் குறைத்தபோது, தோற்றது பெரும்பாலும் கூட்டியபோது என்பது என் கணிப்பு. 'பெரும்பாலும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1963-ன் 'ரிங் ஆஃப் ஃபயர்' அதற்கு நேரெதிர். ஜூன் கார்ட்டரும் மெர்ல் கில்கோரும் எழுதி, ஜூனின் தங்கை அனிதா முதலில் பாடிய பாட்டு. கேஷ் அதில் மெக்சிகோவின் மரியாச்சி டிரம்பெட்டுகளைக் கொண்டுவந்தார். கன்ட்ரி பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். ஆனாலும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டிரம்பெட் வருவது வரிகளின் இடைவெளியில். அவர் வாய் திறக்கும்போது கீழே ஓடுவது அதே பழைய பூம்-சிக்காதான்.

1958-ல் அவர் சன்னை விட்டுக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனதற்கு இரண்டு காரணம். ஃபிலிப்ஸ் பக்திப் பாடல் தொகுப்புக்கு இசையவில்லை. ராயல்டியும் மற்றவர்கள் தந்த 5 சதவீதத்துக்குப் பதில் 3 சதவீதம்தான்.

1968 ஜனவரி 13, ஃபோல்சம் சிறை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு நிகழ்ச்சிகள். சாப்பாட்டுக் கூடத்தில் பதிவு, தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன். தொகுப்பின் முதல் பாட்டில், ஒருவன் சாவதைப் பார்க்கவே ரெனோவில் சுட்டேன் என்ற பொருளில் வரும் வரிக்குக் கைதிகள் எழுப்பும் ஆரவாரம் உலகப் புகழ். அது அங்கே எழுந்ததே இல்லை. பின்னால் ஸ்டூடியோவில் ஒட்டியது. காவலர் துப்பாக்கியோடு நிற்கும்போது கொலையைப் பேசும் வரிக்கு எந்தக் கைதி கூச்சல் போடுவான்? ஒட்டியவர்கள் வியாபாரத்தைப் புரிந்துகொண்டார்கள், இடத்தைப் புரிந்துகொள்ளவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 5-ல், வீட்டில் பற்றிய தீயில் பட்ட காயங்களால் லூதர் இறந்தார். மேடையில் சிரிக்காத, அசையாத, மூன்று தந்திக்கு மேல் தொடாத மனிதர். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று கேலி பேசிய நாஷ்வில் கலைஞர்கள் எத்தனையோ பேர். அவர் இடத்துக்கு ஆள் கிடைத்த விதம்தான் அந்தக் கேலிக்குப் பதில். செப்டம்பரில் ஆர்கன்சாவின் ஃபயெட்வில்லில் நிகழ்ச்சி, விமானம் கிடைக்காமல் குழுவில் பாதிப் பேர் வந்து சேரவில்லை. கூட்டத்திலிருந்து பாப் வூட்டன் என்ற ரசிகர் மேலே வந்து கித்தாரை வாங்கினார். லூதரின் ஒவ்வொரு துணுக்கும் அவர் கையில் இருந்தது. பின்னர் அவரே குழுவின் கித்தார் கலைஞரானார். ஃபோல்சத்தின் அடுத்த ஆண்டு 1969 பிப்ரவரி 24-ல் சான் குவென்டின் சிறையில் வாசித்தது வூட்டன்தான். அன்று 'எ பாய் நேம்டு சூ'வைக் கேஷ் தாளைப் பார்த்துப் படித்தபடியே பாடினார். குழுவும் அந்தக் கணத்தில் கண்டுபிடித்து வாசித்தது. அது பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

1969 முதல் 1971 வரை ஏபிசி தொலைக்காட்சியில் அவர் நிகழ்ச்சி, நாஷ்வில்லின் ரைமன் அரங்கிலிருந்து. 1972-ல் சிறைச் சீர்திருத்தம் பற்றி செனட் குழுவின் முன் சாட்சியம். இதுவரை புகழ்தான். அடுத்த பத்து ஆண்டுகளில் பதிவுகளுக்குள் பின்னணிக் குரல்கள், வயலின்கள், மெழுகு பூசிய நாஷ்வில் ஒலி எல்லாம் நுழைந்தன. 1984-ல் 'சிக்கன் இன் பிளாக்' என்று மூளை மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிய நகைச்சுவைப் பாட்டு. கேஷே வெறுத்த பாட்டு அது. 1985-ல் வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ், கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் மூவரோடும் சேர்ந்து பாடிய 'ஹைவேமேன்' முதலிடம் வந்தது என்றாலும், தனியாக விற்கவில்லை. 1986-ல் கொலம்பியா கைகழுவியது. அவரைக் கூடுதலாக அலங்கரித்துப் பாழாக்கிவிட்டு, சந்தை மாறிவிட்டது என்று சொன்னார்கள்.

ரிக் ரூபின் வந்தது 1993-ல். ராப்பும் மெட்டலும் தயாரித்தவர், கன்ட்ரிக்குச் சம்பந்தமே இல்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று. கேஷைத் தன் வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்து, ஒரு கித்தாரோடு தெரிந்ததையெல்லாம் பாடச் சொன்னார். 1994 ஏப்ரலில் வந்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' பெரும்பாலும் அப்படிப் பதிந்ததுதான். இரண்டு பாட்டு மட்டும் வைப்பர் ரூம் இரவு விடுதியில் பார்வையாளர் முன் பதிந்தவை. அதில் லூதர் இல்லை, கிராண்ட் இல்லை, ஆனால் கட்டைவிரல் அதே கணக்கில்தான் விழுகிறது. கிராமி கிடைத்தது.

அந்த வரிசையின் பின்னாள் தொகுப்புகள் மேல் எனக்கு அவ்வளவு மயக்கம் கிடையாது. உடல்நலம் குலைந்த குரலை மைக்கை ஒட்டி வைத்துப் பதிந்து, அந்த நடுக்கத்தையே விற்பனைப் பொருளாக்கிய இடங்கள் உண்டு. 2002-ன் 'ஹர்ட்' அதையும் தாண்டி நிற்கிறது. ராக் இசைக்கலைஞர் டிரென்ட் ரெஸ்னரின் பாட்டு. ஒரு வசைச் சொல்லை எடுத்துவிட்டு முள்கிரீடம் என்று மாற்றினார், பாட்டு அவருடையதாகிவிட்டது. மார்க் ரோமனெக் எடுத்த வீடியோவில் மாடிப்படியில் நிற்கும் ஜூன் 2003 மே 15-ல் இறந்தார். கேஷ் ஜூலை 5 வரை மேடை ஏறினார், செப்டம்பர் 12-ல் போனார், வயது 71.

கேட்கத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து 'ஹர்ட்'டில் தொடங்காதீர்கள். 1955 முதல் 1957 வரையான சன் பதிவுகளை ஹெட்ஃபோனில் கேளுங்கள், பேஸையும் காகிதத்தையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு ஃபோல்சம். அதில் 2008-ல் வந்த பதிப்பைத் தேடுங்கள், இரண்டு நிகழ்ச்சிகளும் முழுதாக அதில் இருக்கின்றன. மதியத்து நிகழ்ச்சியில் எல்லோரும் களைத்துப்போனது தெரியும். அந்தக் களைப்பிலும் லூதரின் கை பிரிட்ஜை விட்டு நகரவில்லை.