வென்றவனின் பெயரை எழுதாத வரலாறு

"வென்றவர்கள்தான் வரலாற்றை எழுதுகிறார்கள்." எந்த விவாதத்திலும் யாராவது ஒருவர் இந்த வாசகத்தை வாய்ப்பாடு போல ஒப்பித்துவிடுகிறார். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த வாசகம் எல்லா இடத்திலும் செல்லாது. கி.பி. 685ஆம் ஆண்டு மே 20, சனிக்கிழமை, இன்றைய ஸ்காட்லாந்தின் மண்ணில் நடந்த ஒரு போரே அதற்குச் சாட்சி. அன்று வென்றவன், ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பழங்குடிகளான பிக்ட் மக்களின் அரசன் பிரிடெய். தோற்று உயிரையும் விட்டவன், இன்றைய வட இங்கிலாந்தில் இருந்த ஆங்கிலேய அரசான நார்தம்பிரியாவின் அரசன் எக்ஃப்ரித். அந்தப் போரை நமக்கு விரிவாகச் சொல்லும் நூலை எழுதியவர் தோற்றவனின் நாட்டுத் துறவி பீட். அவருடைய நூலில் அந்தப் போரைப் பற்றிய அத்தியாயத்தில் வென்றவனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஜாரோ என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் ஒரு கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அந்த ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளைச் சொல்லும் லத்தீன் கல்வெட்டு அது. எக்ஃப்ரித் அரசனின் பதினைந்தாம் ஆட்சியாண்டு, மடத்தலைவர் செயோல்ஃப்ரித்தின் நான்காம் ஆண்டு என்று அதில் குறித்திருக்கிறார்கள். அந்த நாள் 685ஆம் ஆண்டு ஏப்ரல் 23. சரியாக 27 நாட்கள் கழித்து அந்த அரசன் வடக்கே பிணமாகக் கிடந்தான். அப்போது பீட்டுக்கு ஏறத்தாழ 12 வயது. அதே மடத்துச் சமூகத்தில் வளர்ந்துகொண்டிருந்த சிறுவன். நிலம் கொடுத்து ஆதரித்த அரசன் செத்துப்போனான் என்ற செய்தி அந்த மடத்தை எப்படி உலுக்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 40 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து முதிய பீட் அந்தப் போரைப் பற்றி எழுதியபோது, அந்தச் சிறுவனும் கூடவே இருந்து எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது.

பீட் சொல்வது இதுதான். நண்பர்கள் தடுத்தார்கள், ஆயர் (பிஷப்) கத்பர்ட் தடுத்தார். கேளாமல் அரசன் படையெடுத்துப் போனான். எதிரிகள் பயந்து ஓடுவதுபோல நடித்து, எளிதில் நுழைய முடியாத மலைகளின் குறுகலான வழிகளுக்குள் அவனை இழுத்துச் சென்று, படையின் பெரும்பகுதியோடு வெட்டிச் சாய்த்தார்கள். அப்போது எக்ஃப்ரித்துக்கு வயது 40. காரணம்? முந்தைய ஆண்டு, 684இல், தங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாத அயர்லாந்து மக்கள்மீது அவன் படையை அனுப்பித் தேவாலயங்களைக்கூட விடாமல் சூறையாடினான். அந்தப் பாவத்துக்கான தண்டனை இது.

அயர்லாந்து மக்களுக்காகப் பரிந்து, தன் சொந்த அரசனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நேர்மை பீட்டுக்கு இருந்தது. அதற்காக அவரை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டுவேன். ஆனால் இந்த விளக்கத்தில் ஓர் அநியாயமும் இருக்கிறது. வெற்றி கடவுளின் கோபத்தால் வந்தது என்றாகிவிட்டால், பொறி வைத்தவனின் அறிவுக்கு அங்கே என்ன இடம்? பின்வாங்குவதுபோல நடிப்பது, கட்டுக்கோப்பு குலையாத படையால் மட்டுமே முடிகிற காரியம். பயிற்சியில்லாத கூட்டம் பின்வாங்கத் தொடங்கினால் நடிப்பு நிஜமாகிவிடும். அப்படியொரு படையை உருவாக்கியவன் யார், எத்தனை ஆண்டுகள் எடுத்தான் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

கதையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்த வேண்டும். எக்ஃப்ரித்தின் தந்தை ஆஸ்வியுவின் காலத்திலேயே பிக்ட் நாட்டின் பெரும்பகுதி நார்தம்பிரியாவின் மேலாதிக்கத்துக்குள் வந்துவிட்டது. எக்ஃப்ரித் அரியணை ஏறிய சில ஆண்டுகளில் பிக்ட் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இரண்டு ஆறுகளின் போர் என்று இன்று அழைக்கப்படும் மோதலில் அவர்கள் நசுக்கப்பட்டார்கள். அதைப் பதிவு செய்தவர் ஸ்டீபன் என்ற நார்தம்பிரியத் துறவி. மலைகளிலிருந்து எறும்புக் கூட்டம்போல் திரண்டு வந்த மிருகத்தனமான மக்கள் என்று அவர் பிக்ட் மக்களை வருணிக்கிறார். இரண்டு ஆறுகளும் பிணங்களால் நிரம்பின, கொன்றவர்கள் கால் நனையாமல் அவற்றின்மீது நடந்து கடந்து, தப்பியோடியவர்களைத் துரத்திக் கொன்றார்கள் என்று பெருமிதத்தோடு எழுதுகிறார். ஓர் ஆயரைப் பற்றி ஒரு துறவி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் வரிகள் இவை. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

671 அல்லது 672இல் ட்ரெஸ்ட் என்ற பிக்ட் அரசன் ஆட்சியிலிருந்து துரத்தப்பட்டதாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அவனுக்குப் பின் வந்தவன்தான் பெலியின் மகன் பிரிடெய்.

இவனைத் தேசிய வீரனாக்கத் துடிப்பவர்கள் அவனுடைய குடும்பத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். தந்தை பெலி, கிளைடு ஆற்றங்கரையில் டம்பார்டன் பாறைக்கோட்டையிலிருந்து ஆண்ட பிரித்தானியர்களின், அதாவது ஆங்கிலேயர்கள் வருமுன்பே அந்தத் தீவில் இருந்த மக்களின், அரசன். பிரிடெய்யும் எக்ஃப்ரித்தும் உறவினர்கள், ஒருவருக்கொருவர் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று 9ஆம் நூற்றாண்டில் வேல்ஸில் தொகுக்கப்பட்ட வரலாறு சொல்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையில் தலோர்கன் என்ற பிக்ட் அரசன் ஒரு நார்தம்பிரிய அரசனின் மகனாகவே இருந்தான். ஓர் இனம் இன்னோர் இனத்தை எதிர்த்து நின்ற கதை என்று இதைச் சுருக்குவது தவறு. கப்பம் கேட்ட உறவினனுக்குக் கப்பம் கட்ட மறுத்த அரசனின் கதை இது.

அவனுடைய ஆட்சியின் முதல் பத்தாண்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறகு திடீரென்று ஆண்டுக்குறிப்புகளில் வரிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் நாலைந்து சொற்கள்தான். 681: டன்னாட்டர் கோட்டை முற்றுகை. 682: ஓர்க்னித் தீவுகள் பிரிடெய்யால் அழிக்கப்பட்டன. 683: டனாட் முற்றுகை, டன்டர்ன் முற்றுகை. டன்னாட்டர் கிழக்குக் கடலோரப் பாறை. டனாட் மேற்கே அயர்லாந்து வழிவந்த தால்ரியாடா அரசர்களின் குன்று. டன்டர்ன் தெற்கே ஏர்ன் ஏரியின் பக்கம். ஓர்க்னி வடகோடி. முற்றுகைகளை நடத்தியவர் யார் என்று குறிப்புகள் சொல்லவில்லை. ஆனாலும் வரைபடத்தில் இந்த நான்கு திசைகளையும் பார்க்கும் எவருக்கும், ஒரே கை ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டிருப்பது தெரியும். மே 20இன் வெற்றி இந்த ஆண்டுகளில்தான் தயாரானது. ஒரு கடற்படையைத் திரட்டி ஓர்க்னிவரை அனுப்பக் கூடியவனுக்கு ஆளும் பொருளும் ஆணையிடும் அதிகாரமும் கைவசம் இருந்தன. சதுப்புநிலக் காட்டுமிராண்டிகள் அதிர்ஷ்டத்தால் ஜெயித்தார்கள் என்ற பழைய கதை இதோடு காலி.

அதே நேரத்தில் அந்த 682ஆம் ஆண்டு வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. அழிக்கப்பட்டன என்பதுதான் அங்கே உள்ள சொல். எத்தனை வீடுகள், எத்தனை படகுகள், எத்தனை குழந்தைகள் என்று கணக்கு எதுவும் இல்லை. பிரிடெய்யை விடுதலை வீரனாகக் கொண்டாடும் எழுத்துகளில் ஓர்க்னி ஒரு பின்குறிப்பாகக்கூட வருவதில்லை. எக்ஃப்ரித் அயர்லாந்தில் செய்ததைப் பாவம் என்று பீட் எழுதியதால் நாமும் சொல்கிறோம். ஓர்க்னிக்காகப் பேச ஒரு பீட் இல்லாததால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். இது நியாயமில்லை. நான் பிரிடெய்யை மதிக்கிறேன். ஓர்க்னியை மறைத்துவிட்டு மதிக்க மாட்டேன்.

போர்க்களம் எங்கே என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை. ஐரிஷ் குறிப்புகள் நெக்டனின் கோட்டை என்கின்றன. வேல்ஸ் வரலாறு கொக்குகளின் ஏரி என்கிறது. ஆங்கஸ் பகுதியில் உள்ள டன்னிக்கன்தான் அந்த இடம் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். 2006இல் அலெக்ஸ் வுல்ஃப் என்ற வரலாற்றாசிரியர், அது வடக்கே பேடனாக் மலைப்பகுதியில் இன்ஷ் ஏரிக்கு அருகிலுள்ள டனாக்டனாகவும் இருக்கலாம் என்று வாதிட்டார். டன்னிக்கனைச் சுற்றி மென்மையான குன்றுகள்தான். எளிதில் நுழைய முடியாத மலைகள் என்று பீட் சொல்வது அதற்குப் பொருந்தவில்லை. பிரிடெய் ஃபோர்ட்ரியூவின் அரசன் என்று குறிப்புகள் அழைக்கின்றன. அந்த ஃபோர்ட்ரியூவும் முன்பு நினைத்ததைவிட வடக்கே, மோரே கடலோரத்தைச் சேர்ந்தது என்று அதே கட்டுரையில் அவர் நிறுவியதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் வடக்கின் பக்கமே சாய்கிறேன்.

டன்னிக்கன் பக்கம் நிற்பவர்கள் காட்டும் பெரிய சான்று, அதற்கு அருகிலுள்ள அபர்லெம்னோ தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் கல். ஒரு முகத்தில் பின்னல் வேலைப்பாட்டோடு பெரிய சிலுவை. மறுமுகத்தில் பிக்ட் சின்னங்களுக்குக் கீழே ஒரு போர், மேலிருந்து கீழாக மூன்று அடுக்குகளில். மேலே தலைக்கவசம் இல்லாத ஒரு குதிரைவீரன், தலைக்கவசம் அணிந்த ஒருவனைத் துரத்துகிறான். ஓடுகிறவன் வாளையும் கேடயத்தையும் போட்டுவிட்டான். நடுவில் காலாட்கள் மூவர் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். முன்னவனிடம் வாளும் கேடயமும். அவனுக்குப் பின்னால் இருப்பவன் நீண்ட ஈட்டியை இரு கைகளாலும் பிடித்து, முன்னவனையும் தாண்டி எதிரியை நோக்கி நீட்டியிருக்கிறான். மூன்றாமவன் ஈட்டியோடு காத்திருக்கிறான். குதிரையில் பாய்ந்து வருகிறவனுக்கு எதிராகக் காலாள் வரிசை எப்படி நிற்க வேண்டும் என்ற பாடமே அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. கீழே வலது மூலையில் தலைக்கவசத்தோடு ஒருவன் விழுந்து கிடக்கிறான். ஒரு பறவை அவனைக் கொத்துகிறது. மூக்கை மறைக்கும் தகடு கொண்ட அந்தத் தலைக்கவசம், 1982இல் யார்க் நகரில் தோண்டியெடுக்கப்பட்ட நார்தம்பிரியத் தலைக்கவசத்தை அப்படியே நினைவூட்டுகிறது.

இந்தக் கல் போருக்குப் பல தலைமுறைகளுக்குப் பின் செதுக்கப்பட்டது என்றே கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 685ஐத்தான் காட்டுகிறது என்று சத்தியம் செய்ய முடியாது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. பிக்ட் மக்கள் தங்கள் போர்முறையைத் தாங்களே எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான வாக்குமூலம் நமக்குக் கிடைக்காது. ஸ்டீபனின் எறும்புக் கூட்டத்தை இந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள்.

எழுதத் தெரியாத மக்கள், அதனால்தான் நூல்கள் இல்லை என்று சொல்வதும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. வடகிழக்குக் கடலோரம் போர்ட்மகோமக் என்ற ஊரில் தொல்லியலாளர் மார்ட்டின் கார்வர் நடத்திய அகழாய்வில் ஒரு பிக்ட் மடம் வெளிப்பட்டது. அங்கே கன்றுத்தோலைப் பதப்படுத்தி எழுதுதோல் செய்த பட்டறையே கிடைத்தது. கி.பி. 800ஐ ஒட்டி அந்த இடம் தீக்கிரையானது. நூல்கள் இருந்திருக்கின்றன, நமக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

போரின் விளைவைச் சொல்வதில் பீட் எதையும் மறைக்கவில்லை. ஆங்கிலேயர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் அடிமைகளானார்கள். பிக்ட் மக்களுக்காக ஃபோர்த் ஆற்றின் தென்கரையில் அபர்கார்னில் அமர்த்தப்பட்டிருந்த ஆயர் ட்ரம்வின் தன் ஆட்களோடு தப்பியோடி விட்பி மடத்தில் அடைக்கலம் புகுந்தார். பிக்ட் மக்கள் தங்கள் நிலத்தை மீட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களிடம் கப்பம் வாங்கும் நிலை சாக்சன்களுக்கு, அதாவது ஆங்கிலேயர்களுக்கு, வரவேயில்லை என்று வேல்ஸ் வரலாறு சொல்கிறது. பிரிடெய்யின் பெயரை எழுதிவைத்தவையும் அந்த நூலும் ஐரிஷ் குறிப்புகளும்தான்.

693இல் பிரிடெய் இறந்தான். இடைக்கால ஐரிஷ் மரபுக்கதை ஒன்று, அவன் உடலை அயோனாத் தீவு மடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்கிறது. மடத்தலைவர் அடோம்னான் இரவு முழுக்க உடலருகே விழித்திருந்து பிரார்த்தித்தார். விடியும் நேரத்தில் உடல் அசைந்தது, கண்கள் திறந்தன. அப்போது ஒருவர் வாசலில் வந்து நின்று, "நீங்கள் இறந்தவர்களை எழுப்பத் தொடங்கினால், உங்களுக்குப் பின் வரும் மடத்தலைவர்கள் எல்லோரும் எழுப்ப வேண்டியிருக்குமே" என்றாராம். அடோம்னான் யோசித்து, ஆசி மட்டும் வழங்கி உயிரைப் போகவிட்டார். வடநாட்டை ஆண்டவன், டம்பார்டன் அரசனின் மகன், இன்று குடைந்த ஓக் மரத்துக்குள் கிடக்கிறானே என்று வியந்து இரங்கும் பாடல் ஒன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. அவனுக்காக அழுத குரல் என்று நமக்குக் கிடைத்திருப்பது அது ஒன்றே.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிரிடெய் இறந்து இருபது ஆண்டுகள் போல ஆனபின், நெக்டன் என்ற பிக்ட் அரசன் ஜாரோவுக்குத் தூது அனுப்பினான். ஈஸ்டர் நாளைக் கணக்கிடும் ரோமானிய முறையை விளக்குங்கள், ரோமானிய பாணியில் கல்லில் ஆலயம் கட்டக் கொத்தர்களை அனுப்புங்கள் என்று கேட்டான். கடிதம் போய்ச் சேர்ந்தது அதே செயோல்ஃப்ரித்திடம், ஜாரோ கல்வெட்டில் எக்ஃப்ரித்தின் பக்கத்தில் பெயர் உள்ளவரிடம். நெக்டனின் பெயரை பீட் மறக்காமல் எழுதுகிறார். மடத்தலைவரின் பதில் கடிதத்தையும் பக்கம் பக்கமாகத் தருகிறார். அறிவுரை கேட்டு வந்த பிக்ட் அரசனுக்கு அந்த நூலில் ஓர் அத்தியாயம் கிடைத்தது. தன் மண்ணைக் காத்த பிக்ட் அரசனுக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

அதே பீட்தான், 731இல் நூலை முடிக்கும்போது, பிக்ட் மக்கள் இப்போது ஆங்கிலேயர்களோடு சமாதான உடன்படிக்கையில் இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். அவர்களோடு சேர்ந்து தளையிலிருந்து விடுபட்ட வடக்கின் ஐரிஷ் மக்களும் பிரித்தானியர்களில் ஒரு பகுதியினரும் ஏறத்தாழ 46 ஆண்டுகளாகச் சுதந்திரமாக இருக்கிறார்கள் என்று கணக்கும் போட்டுத் தருகிறார். அந்த 46 ஆண்டுகளை 731இலிருந்து கழித்தால் 685 வருகிறது.