ஹைக்கூவில் ஒரு புத்தகப் பட்டியல்

பழக்கமில்லாத இயங்குதளத்துக்கு நிரல் எழுத எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "க்யூடி படித்துக்கொள், எங்கும் ஓடும்." ஒருமுறை எழுதியதைப் பல இயங்குதளங்களிலும் ஓடவைக்கும் கருவித்தொகுப்பு அது. பிழைப்புக்கு நல்ல பதில்தான். அந்த இயங்குதளத்தையே தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கோ அதைவிட மோசமான பதில் கிடையாது. நானே முதல் இரண்டு வாரங்களை அப்படித்தான் வீணடித்தேன். புது ஊருக்குப் போய், அறைக்குள் தாழிட்டுக்கொண்டு வீட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ற கதை.

பதினைந்து வருடங்களாக விண்டோஸுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். சலிப்புத் தட்டிய ஒரு நாளில் பென் டிரைவ் வழியாகப் பழைய மடிக்கணினியில் ஹைக்கூவை ஏற்றினேன். கவிதை அல்ல, இயங்குதளம். ஆனாலும் கவிதைக்குச் சம்பந்தமில்லாத பெயர் என்று சொல்லிவிட முடியாது. இதன் முன்னோடி இயங்குதளமான பிஓஎஸ்ஸில் (BeOS) இருந்த நெட்பாசிட்டிவ் உலாவி, பக்கம் கிடைக்காதபோது பிழைச் செய்தியை ஹைக்கூவாகவே சொல்லும். அந்த பிஓஎஸ்ஸை உருவாக்கியது ஆப்பிளை விட்டு வெளியேறிய ழான்-லூயி காஸே தொடங்கிய பி நிறுவனம். 1996இல் ஆப்பிள் அதை வாங்கப் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் நெக்ஸ்ட் நிறுவனத்தை, அதன் நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தோடு வாங்கியது. இன்றும் மேக் நிரலர்கள் எழுதும் வகுப்புப் பெயர்கள் என்எஸ் என்று தொடங்குவது அந்த நெக்ஸ்ட்ஸ்டெப்பின் மிச்சம். பேரம் வேறு மாதிரி முடிந்திருந்தால் அங்கே 'பி' என்ற எழுத்து உட்கார்ந்திருக்கும்! 2001இல் பி நிறுவனத்தின் சொத்துகள் கையடக்கக் கணினிகள் செய்த பாம் நிறுவனத்துக்குப் போயின. அதே ஆண்டில் ஆர்வலர்கள் சிலர் பிஓஎஸ்ஸைத் திறந்த மூலத்தில் மறுபடி எழுதத் தொடங்கினார்கள்; அதுதான் ஹைக்கூ. ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது.

க்யூடியைத் தூக்கி வைத்துவிட்டு அந்த ஊர்ப் பாஷையிலேயே எழுத உட்கார்ந்தேன். சி++தான். நிரலுக்கு ஒரு பிஅப்ளிகேஷன், ஜன்னலுக்கு ஒரு பிவிண்டோ, பிறகு காட்ட ஷோ, ஓட்ட ரன். இருபது வரிகூட இல்லை. ஜன்னல் அழகாகத் திறந்தது. மூடினேன், நிரல் செத்து விழுந்தது. திறக்கும்போது ஒழுங்கு, மூடும்போது சாவு; ஒரு மாலை முழுவதும் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிஅப்ளிகேஷனைச் சாதாரண உள்ளூர் மாறியாக வைக்கலாம். அதே கை வாக்கில் ஜன்னலையும் அப்படியே வைத்திருந்தேன். அங்கே ஜன்னல் மூடப்படும்போது தன்னைத் தானே நினைவகத்திலிருந்து நீக்கிக்கொள்ளும்; உள்ளூர் மாறியை அப்படி நீக்க முடியாது. ஆகவே அதை நியூ போட்டுத்தான் படைக்க வேண்டும். படைத்த பின் நாம் டிலீட் செய்யவும் கூடாது.

இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. அங்கே ஒவ்வொரு ஜன்னலுக்கும் சொந்தமாக ஓர் இழை (thread), அதாவது தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர் உண்டு. செய்திகளைத் தானே வாங்கித் தானே கவனித்துக்கொள்ளும். விண்டோஸில் ஒரு பொத்தானுக்குள் கனமான வேலையை வைத்தால் அந்த நிரலின் மற்ற ஜன்னல்களும் சேர்ந்து உறைந்துபோகும், ஏனென்றால் வழக்கமாக எல்லாம் ஒரே இழையில் ஓடுகின்றன. ஹைக்கூவில் அந்த ஒரு ஜன்னல் மட்டும் உறையும். மற்றவை தம் பாட்டுக்கு இயங்கும். இது இலவசமாகக் கிடைப்பதல்ல. வேறு இழையிலிருந்து ஜன்னலுக்குள் கை வைப்பதற்கு முன் பூட்ட வேண்டும். மறந்தால் பிழைதிருத்தி வந்து நிற்கும். அதைவிடச் செய்தி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வது மேல் என்பது எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது.

என் வீட்டுப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் எழுதுவதுதான் திட்டம். பழக்கதோஷத்தில் ஒரு தரவுத்தளம், ஒரு அட்டவணை ஜன்னல், ஒரு தேடல் பெட்டி என்று காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். அப்போதுதான் அங்குள்ள பீப்பிள் என்ற முகவரிப் புத்தகச் செயலியின் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. பெயர், தொலைபேசி, முகவரி எல்லாம் கோப்பின் மேல் ஒட்டிய பண்புகளாக இருந்தன. மின்னஞ்சலும் அப்படித்தான்: ஒரு கடிதம், ஒரு கோப்பு. அந்தப் பண்புகளைக் கோப்பு முறைமையே அட்டவணைப்படுத்தித் தேடித் தருகிறது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான டொமினிக் ஜியாம்பாலோ பின்னாளில் ஆப்பிளில் ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தார் என்பதில் ஆச்சரியம் என்ன!

நான் வரைந்ததில் முக்கால்வாசியை அடித்துப் போட்டேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு வெற்றுக் கோப்பு. ஆசிரியர், ஆண்டு, இரவல் வாங்கியவர் ஆகியவை பண்புகள். கோப்பு வகையைப் பதிந்துவிட்டால் கோப்புகளைக் காட்டும் ட்ராக்கரே அவற்றைப் பத்தி பத்தியாகக் காட்டுகிறது. நான் எழுதியது விவரம் நிரப்பும் ஒரு படிவம் மட்டும். இதிலும் ஒரு குழியில் விழுந்தேன். முதலில் கோப்புகளைப் போட்டுவிட்டு அதன் பிறகு தேடலுக்கான அட்டவணையை உருவாக்கும் எம்கேஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்தேன், தேடலில் எதுவும் சிக்கவில்லை. அட்டவணை உருவான பிறகு எழுதப்படும் பண்புகள்தாம் அதில் சேரும். பழையவற்றுக்கு ரீஇண்டெக்ஸ் என்று தனியாக ஒரு கட்டளை உண்டு.

இதனால் வேலை கிடைக்குமா என்று அலுவலக நண்பர் கேட்டார். கிடைக்காது. க்யூடியில் எழுதியிருந்தால் இதே பட்டியல் விண்டோஸிலும் ஓடியிருக்குமே என்றார். ஓடியிருக்கும். ஆனால் தரவுத்தளமே தேவைப்படாத ஒரு பட்டியலை நான் எழுதியிருக்கவே மாட்டேன். இன்றைய கணக்குக்கு 212 கோப்புகள். 'இரவல்' பண்பில் பெயர் உள்ளவை பதினொன்று. அதில் நான்கில் இருப்பது அந்த நண்பரின் பெயர்.