பழுதைக் காட்டியதுதான் பழுது

அக்கா: தம்பி, உன் கடையில் பழுது பார்க்கச் சொல்லித் தந்த லப்டொப்பில் பழுது பார்க்கிற புரோகிராமையே காணவில்லை.

தம்பி: வைரஸ் வராமல் தடுக்க வைரஸ் கார்ட் போட்டிருக்கிறேன் அக்கா.

அக்கா: நான் வைரஸ் கார்ட் கேட்கவில்லை. இந்த லப்டொப்பைச் செய்த எச்பிக்காரன் விற்கும்போதே உள்ளே வைத்து அனுப்பிய புரோகிராம் ஒன்று இருந்தது. மெமரி, ஹார்ட் டிஸ்க், பற்றரி என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, எதில் குறை என்று சொல்லும். கனடாவிலிருந்து அண்ணன் தொலைபேசியில், “அதை ஓடவிட்டு, என்ன வருகிறது என்று எனக்குச் சொல்” என்கிறார். எதை ஓடவிடுவது?

தம்பி: ஓ, அதுவா! நீல நிறத்தில் ஒரு படம் இருந்தது. அக்கா, உங்கள் லப்டொப்புக்கு வருத்தமே அதுதான். திறந்தவுடன் ஏதோ பிழை, ஏதோ பிழை என்று காட்டிக்கொண்டே இருந்தது. வின்டோஸ் புதிதாகப் போட்டேன். அதுவும் போய்விட்டது. இப்போது பாருங்கள், ஒரு பிழையும் காட்டுவதில்லை.

அக்கா: காட்டுகிறவனை அனுப்பிவிட்டாய். இனி யார் காட்டுவது?

தம்பி: அதைத்தான் நானும் சொல்கிறேன். பிரச்சினை தீர்ந்துவிட்டது.

அக்கா: இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் காட்ட அளவுகோல் இருக்கிறது. 2018 மார்கழியில் நீ அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால், எங்கள் ஊர் முரசுமோட்டைக்குள் வெள்ளம் வந்திருக்காது. அப்படித்தானே?

தம்பி: அளவுகோலை நான் ஏன் அக்கா பிடுங்குகிறேன்?

அக்கா: அதுதான் எனக்கும் விளங்கவில்லை. லப்டொப் அரை மணித்தியாலத்தில் தானாக அணைகிறது என்று சொல்லித்தான் தந்தேன். நேற்றுக் கொண்டுபோனேன். நேற்றும் அரை மணித்தியாலத்தில் அணைந்தது.

தம்பி: அப்படியென்றால் வின்டோஸ் சரியாக இறங்கவில்லை. இன்னொரு முறை போட்டுத் தரட்டுமா?

(ஏ9 வீதியில் கம்பியூட்டர் திருத்தக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. சத்தம் வராவிட்டாலும் வின்டோஸ்தான், சார்ஜ் ஏறாவிட்டாலும் வின்டோஸ்தான். விசைப்பலகையில் தேநீரைக் கொட்டிக்கொண்டு வந்தவருக்கும் வின்டோஸ் போட்டுக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவரும் நன்றி சொல்லிக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.)

அக்கா: வேண்டாம். அண்ணன் இன்னொரு வழி சொன்னார். தொடங்கும்போது எஃப்11 தட்டினால், வாங்கிய அன்று இருந்தபடியே எல்லாம் திரும்பி வருமாம். அந்தப் புரோகிராமும் சேர்ந்து வருமாம்.

தம்பி: அது வராது அக்கா.

அக்கா: ஏன்?

தம்பி: அதற்கு ஹார்ட் டிஸ்க்கில் தனியாக ஒரு பகுதி வேண்டும். இதில் 14 கிகாபைட் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சும்மா கிடந்தது. அழித்து டி டிரைவோடு சேர்த்துவிட்டேன். படம் வைக்கலாம்.

அக்கா: நான் கமக்காரர் அமைப்பின் செயலாளர். சிறுபோகத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் என்று எழுதி வைக்கிறவள். அந்தக் கணக்கு முழுவதையும் சேர்த்தாலும் ஒரு பாட்டின் அளவுக்கு வராது. இடம் போதவில்லை என்று உன்னிடம் வந்து அழுதேனா?

தம்பி: (முகம் வெளுத்து) அக்கா, அந்தக் கணக்கு... அதுவும் இதற்குள்ளேதான் இருந்ததா?

அக்கா: பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் தந்தேன். உன்னைப் பற்றி ஊரில் விசாரித்துவிட்டு வந்தவள் நான்.

தம்பி: அப்பாடா.

அக்கா: அது கிடக்கட்டும். இந்த மூலையில் ஏதோ மங்கலாகக் கிடக்கிறதே, என்ன?

தம்பி: ‘ஆக்டிவேட் வின்டோஸ்’ என்று. அதைப் பார்க்காதீர்கள் அக்கா.

அக்கா: நான் பார்க்காமல் இருந்தாலும் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் இந்த லப்டொப்பை வாங்கும்போது வின்டோஸ் ஹோமுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார். அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறதாம். அதே ஹோமைத் திரும்பப் போட்டிருந்தால், இணையத்தில் இணைத்த உடனே தானாக ஏற்றுக்கொண்டிருக்குமாம்.

தம்பி: ஹோம் சின்னது அக்கா. உங்களுக்குப் புரோ போட்டிருக்கிறேன். பெரியது.

அக்கா: களவும் பெரியதுதான். சரி, அந்தச் சோதிக்கிற புரோகிராம் மைக்ரோசொப்ட் ஸ்டோரில் சும்மாவே கிடைக்குமாம். அங்கே எடுத்துப் போடு.

தம்பி: ஸ்டோர் இல்லையே அக்கா. வேகமாக ஓடட்டும் என்று ஸ்டோர் எல்லாம் வெட்டி எடுத்த வின்டோஸ் இது. லைட்.

அக்கா: இப்போதுதான் பெரியது என்றாய்.

தம்பி: பெரியதில் லைட்.

அக்கா: ...

தம்பி: அக்கா, ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்? பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சுத்தமாக இருக்கும். வோல்பேப்பர்கூட மாற்றியிருக்கிறேன், நீர்வீழ்ச்சி. பார்க்க எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது!

அக்கா: எங்கள் ஊரையும் 2009இல் இப்படித்தான் சுத்தம் செய்தார்கள், தம்பி. திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. என்னுடையவை எங்கே என்று கேட்டேன். “அதை விடுங்கள், காபெட் வீதி போட்டிருக்கிறோமே, பார்க்கவில்லையா?” என்றார்கள். நீ நீர்வீழ்ச்சியைக் காட்டுகிறாய்.

தம்பி: அக்கா, கடையில் அரசியல் வேண்டாம்.

அக்கா: நான் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றித்தான் கதைக்கிறேன்.

(சற்று நேரம் இருவரும் பேசவில்லை. நீர்வீழ்ச்சி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.)

தம்பி: இப்போது நான் என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள்.

அக்கா: முதலில் சீரியல் இலக்கம் வேண்டும். அண்ணன் கேட்கிறார். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. இப்போது அதற்கு மேல் உன் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கிழிக்கட்டுமா?

தம்பி: ஐயோ வேண்டாம்! உத்தரவாத ஸ்டிக்கர் அக்கா. கிழித்தால் உத்தரவாதம் போய்விடும்.

அக்கா: எதற்கு உத்தரவாதம்?

தம்பி: போட்ட வின்டோஸுக்கு. மூன்று மாதம்.

அக்கா: வின்டோஸ் உள்ளே இருக்கிறது. ஸ்டிக்கர் வெளியே இருக்கிறது. வெளியே நின்று அது எதைக் காவல் காக்கிறது?

தம்பி: வேறு கடைக்காரன் கழற்றினால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அக்கா: நீ கழற்றிப் பார்த்தாயா?

தம்பி: இல்லை. வின்டோஸ் போடக் கழற்றத் தேவையில்லை.

அக்கா: ஆக, நீயும் கழற்றவில்லை, மற்றவனும் கழற்றக்கூடாது. லப்டொப் மட்டும் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அணையலாம்.

தம்பி: இன்னொரு முறை வின்டோஸ்...

அக்கா: அந்தச் சொல் இனி உன் வாயிலிருந்து வரக்கூடாது. இதை அணைத்துவிட்டுத் திரும்பப் போடு. போட்ட கையோடு எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டே இரு. முறிகண்டிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தட்டு.

தம்பி: (தட்டுகிறான்) நீர்வீழ்ச்சி வந்துவிட்டது அக்கா.

அக்கா: பிந்திவிட்டாய். திரும்ப.

தம்பி: திரும்பவும் நீர்வீழ்ச்சி.

அக்கா: விரலை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். பட்டியல் வரும்வரைக்கும் விடாதே.

தம்பி: ஆ! கறுப்புத் திரை. பட்டியல் ஒன்று வருகிறது. எஃப்1 கணினி விவரம், எஃப்2 சோதனை, எஃப்9, எஃப்10, எஃப்11... அக்கா, இது இவ்வளவு நாளும் இங்கேயா இருந்தது?

அக்கா: இது வின்டோஸுக்குள் இல்லை, மதர்போர்டுச் சில்லுக்குள் இருக்கிறது. நீ எத்தனை முறை ஃபோர்மட் செய்தாலும் போகாது. எஃப்1ஐத் தட்டு, சீரியல் இலக்கம் தெரியும். உன் ஸ்டிக்கர் சுகமாக இருக்கட்டும்.

தம்பி: தெரிகிறது, தெரிகிறது! எஃப்2 தட்டட்டுமா?

அக்கா: பொறு. சில்லுக்குள் இருப்பது சின்னது. முழுமையானது ஹார்ட் டிஸ்க்கில் இருந்திருக்கும், அதைத்தான் நீ அழித்தாய். எச்பிக்காரனின் தளத்தில் திரும்ப இறக்கிப் பென் டிரைவில் வைக்கலாம். எஃப்2 தட்டினால் இது முதலில் பென் டிரைவில் தேடும், அங்கே இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கில், அங்கேயும் இல்லாவிட்டால்தான் தன் சில்லுக்குள். உன் கம்பியூட்டரில் இறக்கு.

தம்பி: எவ்வளவு காசு அக்கா?

அக்கா: இலவசம்.

தம்பி: இலவசமா? (குரலைத் தாழ்த்தி) இதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

(இறங்கியது. பென் டிரைவைச் செருகினார்கள். மெமரி சரி என்றது. ஹார்ட் டிஸ்க் சரி என்றது. அவ்வளவு நேரமும் தம்பி, “பார்த்தீர்களா, எல்லாம் சரிதானே” என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். விசிறிக்கு வந்தபோது சொல்லவில்லை.)

அக்கா: என்ன எழுதியிருக்கிறது?

தம்பி: விசிறி... தேறவில்லை. கீழே ஒரு நீட்டு இலக்கம் இருக்கிறது. எழுத்தும் இலக்கமுமாக 24.

அக்கா: அதுதான் பழுதுக்குரிய இலக்கம். அதைத்தான் அண்ணன் கேட்டார். வாசி, எழுதுகிறேன். உரம் வாங்கிய பற்றுச்சீட்டின் பின்பக்கம் போதும்.

தம்பி: அக்கா, விசிறி என்றால் கழற்றவேண்டும்.

அக்கா: கழற்று.

தம்பி: ஸ்டிக்கர் கிழியும்.

அக்கா: கிழி.

தம்பி: கிழித்தால் உத்தரவாதம்...

அக்கா: தம்பி!

(கழற்றினான். முரசுமோட்டையில் இரண்டு மூன்று சூடடிப்புக் காலத்துத் தூசி விசிறிக்குள் வந்து குடியிருந்தது. ஒரு நெல் உமியும் இருந்தது. தூரிகையால் தட்டி எடுத்து, திரும்பப் பூட்டி, மீண்டும் எஃப்2 தட்டியபோது விசிறி தேறிவிட்டது. 24 எழுத்து இலக்கம் பற்றுச்சீட்டின் பின்னால் வேலையற்றுக் கிடந்தது.)

தம்பி: வெப்பம் ஏறித்தான் அணைந்திருக்கிறது அக்கா. சுட்டுக் கருகிவிடக்கூடாது என்று தானே அணைத்துக்கொள்ளும்.

அக்கா: இது உனக்கு முதலே தெரியுமா?

தம்பி: தெரியும்.

அக்கா: தெரிந்துகொண்டுதான் வின்டோஸ் போட்டாயா?

தம்பி: கோபப்படாமல் கேளுங்கள் அக்கா. ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுப் பார்த்து, “தூசிதான், தட்டிவிட்டேன், ஆயிரம் ரூபாய்” என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். தூசிக்கு ஆயிரமா என்கிறார்கள். பழுது எது என்று கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால், “நீ என்ன திருத்தினாய்?” என்கிறார்கள். வின்டோஸ் போட்டேன், 2,000 ரூபாய் என்றால் வாய் திறக்காமல் தருகிறார்கள். நீங்களும் அன்றைக்குப் பேசாமல்தானே தந்தீர்கள்?

(நியாயமான கேள்வி. இந்தக் கடைக்காரர்களை நான் திட்டும்போதெல்லாம், இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரிவதில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது.)

அக்கா: சரி. கண்டுபிடித்ததற்குக் கூலி வாங்குவது நியாயம்தான். ஆயிரத்தை வைத்துக்கொள். போடத் தேவையில்லாத வின்டோஸுக்கு வாங்கிய மிச்ச ஆயிரத்தைத் தா.

தம்பி: (மகிழ்ந்து) இப்படிச் சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான் அக்கா. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், இன்றைக்குக் கண்டுபிடித்தது நீங்கள்தானே!

அக்கா: அப்படியா? அப்படியென்றால் இரண்டாயிரத்தையும் தா.