படித்துறை விளக்குக்கு ஒரு மூடி போடுங்கள்

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். போன வருடம் படித்துறையில் உயரமான கம்பம் நட்டு வெள்ளை எல்இடி விளக்கு போட்டார்கள். கம்பத்தைச் சுற்றி மெருகேற்றிய கருங்கல் மேடை. துணி துவைத்துவிட்டு இருட்டியபின் ஏறி வருகிற பெண்களுக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆனால் அது படியில் விழுந்தால் போதுமே, பாதி ஆற்றுக்குள் விழுகிறது.

முந்தாநாள் விடியக்காலம் குளிக்கப் போனேன். மேடை முழுக்கச் செத்த பூச்சி. கூட்டிக்கொண்டிருந்த ஆச்சி, "ஈசலுய்யா, மழை வரும்போல" என்றார். குனிந்து பார்த்தால் ஈசல் இல்லை. ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே அளவு. இதற்கு முன்சிறகு பெரியது, வாலில் நூல் மாதிரி நீள இழைகள். இங்கிலீஷில் மேஃப்ளை (mayfly) என்பார்கள், ஆற்றில் கல்லுக்கடியில் மாதக்கணக்கில் புழுவாகக் கிடந்து, ஒரு சாயங்காலம் சிறகோடு மேலே வருகிற பூச்சி. வளர்ந்தபின் இரை எடுக்கவே எடுக்காது. ஒரு ராத்திரி, மிஞ்சினால் ரெண்டு நாள். அதற்குள் ஜோடி சேர்ந்து தண்ணீரில் முட்டையிட்டாக வேண்டும். கருங்கல்லில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது அத்தனையும் முட்டை.

தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி படுக்கைவசத்தில் அதிரும். நமக்குத் தெரியாது, இவற்றின் கண்ணுக்குத் தெரியும். ஆற்றை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். கருப்பாகப் பளபளக்கிற எதுவும் ஒளியை அப்படியே திருப்புவதால் ஏமாந்துவிடுகின்றன. தட்டான் கார் பானட்டில் வாலைத் தொட்டுத் தொட்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே ஏமாற்றம்தான். ஹங்கேரியில் கிரிஸ்கா, ஹோர்வாத் குழுவினர் 1998-இல் தார் ரோட்டை வைத்து இதை நிரூபித்தார்கள்.

சரி, விளக்கிடம் ஏன் வருகின்றன? பூச்சிகளுக்கு மேலே வானம்தான் வெளிச்சம், முதுகை அந்தப் பக்கம் வைத்துப் பறந்தே பழக்கம். விளக்கைக் கண்டதும் முதுகை அதற்குத் திருப்பி, விலக முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. 2024-இல் வந்த ஆய்வு இது.

தண்ணீருக்குள்ளும் பாதிப்பு உண்டு. பகலில் மீனுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் புழுக்கள் ராத்திரிதான் பாசி மேய வெளியே வரும். விடிய விடிய வெளிச்சம் இருந்தால் அவை எப்போது மேயும்? அவற்றை நம்பித்தானே நம் ஆற்றுக் கெண்டையும் இருக்கிறது.

விளக்கைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆற்றுப் பக்கம் ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைப் படியை நோக்கித் திருப்புங்கள். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் பல்பு போடுங்கள், மஞ்சளுக்குப் பூச்சி குறைவாகத்தான் வரும். படித்துறையில் ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். மனு எழுதிவிட்டேன், திங்கட்கிழமை ஊராட்சியில் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட நினைக்கிறவர்கள் ஞாயிறு ராத்திரி, விளக்கு எரிகிற நேரத்துக்குப் படித்துறைக்கே வாருங்கள்.